புதுமையான காட்சிக் கலைஞர்களை நீங்கள் எப்படிக் கண்டடைகிறீர்கள்?

கரித்துண்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பல ஆண்டுகளாகக் கரிக்கோலில் மட்டுமே வரைந்து வருகிறேன். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அறிய அண்மைக்காலமாக அலைபேசித் திரையையே நம்பியிருந்தேன். அதில் வந்து விழுபவை பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கின்றன: பென்சில் முனையில் செதுக்கிய சிலை, காய்ந்த இலையில் வெட்டிய முகம், புகைப்படமோ என்று ஐயுற வைக்கும் ஓவியம். அவர்களுடைய கைத்திறனைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் பத்தாவதைப் பார்க்கும்போது முதலாவது மறந்துவிடுகிறது. செய்தவரின் பெயரோ மனத்தில் ஏறுவதே இல்லை.

இந்த இழையைத் தொடங்க வைத்தவர் தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ். 1989 முதல் அவர் உருவாக்கிவரும் அசைவுப் படங்களில் ஒரு காட்சி முழுவதும் பெரும்பாலும் ஒரே தாளில் நடக்கிறது. கரியால் வரைகிறார், காமிரா இருக்குமிடத்துக்கு நடந்துபோய் ஓரிரு சட்டகங்களைப் பதிவு செய்கிறார், திரும்பி வந்து கொஞ்சம் அழிக்கிறார், மறுபடியும் வரைகிறார். கரி ஒருபோதும் முழுமையாக அழியாது என்பது அதைத் தொட்ட எவருக்கும் தெரியும். நான் அதை ஒரு குறையாகவே எண்ணி இத்தனை காலமும் ரப்பரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய படத்திலோ, ஒருவர் அறையைக் கடந்து நடந்தால், அவர் வந்த வழி சாம்பல் நிறக் கறையாகத் தாளிலேயே தங்கிவிடுகிறது. நான் துடைத்தெறிய முயன்ற அதே கறைதான் அங்கே படத்தின் நினைவாற்றலாக இருக்கிறது.

இப்படிப்பட்டவர்களைத்தான் தேடுகிறேன். ஓர் ஊடகத்தில் புழங்குகிறவர்கள் எல்லாரும் குறை என்று ஒதுக்கியதை எடுத்து, அதிலிருந்தே தம் கலையைக் கட்டியவர்கள். எந்த ஊடகமாக இருந்தாலும் சரி. வெறும் பெயர்ப்பட்டியல் வேண்டாம்; அந்தக் கலைஞரிடம் நீங்கள் எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நூலிழை

நல்ல கேள்வி. நான் நெசவு, முடிச்சு, கயிறு ஆகியவற்றின் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

நீங்கள் சொல்லும் வகைக்கு முதலில் நினைவுக்கு வருபவர் எல் அனாட்சுயி. கானாவில் 1944இல் பிறந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியை நைஜீரியாவின் நுசுக்காவில் கழித்தவர். மதுப் புட்டிகளின் அலுமினிய மூடிகளைத் தட்டையாக்கியும் மடித்தும், செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்தும், சுவரளவு பெரிய விரிப்புகளாக அவரும் அவருடைய உதவியாளர்களும் ஆக்குகிறார்கள். தூரத்திலிருந்து பொன்னிழைத் துணி போலத் தெரியும். அருகில் போனால் மூடியில் அச்சிட்ட மதுவின் பெயரைப் படிக்கலாம். இவ்வளவையும் எந்த அறிமுகக் கட்டுரையும் சொல்லிவிடும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. அந்த விரிப்புகளுக்கு நிலையான வடிவம் கிடையாது. எப்படி மடித்துத் தொங்கவிடுவது என்பதைக் காட்சிக்கு வைப்பவர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று அவர் விட்டுவிடுகிறார். உலோகம் என்றாலே உறுதி, சிற்பம் என்றாலே மாறாத வடிவம் என்றிருந்த இரண்டு நம்பிக்கைகளையும் ஒரு துணியின் தொய்வு கலைத்துவிடுகிறது.

வழியைக் கேட்டீர்கள். பெரிய அருங்காட்சியகங்கள் தம் சேகரிப்பை இணையத்தில் வைத்திருக்கின்றன; ஒவ்வொரு படைப்பின் கீழும் அது எதனால் ஆனது என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலோர் கலைஞரின் பெயரைத் தட்டச்சு செய்து தேடுகிறார்கள். நான் பொருளின் பெயரைக் கொண்டு தேடுகிறேன். செம்புக் கம்பி, தலைமுடி, சணல், மெழுகு, துரு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பெயரே கேள்விப்படாத மனிதர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள்.

ஷீலா கௌடாவிடம் என்னைக் கொண்டுசேர்த்தது 'தலைமுடி' என்ற சொல்தான். 2009இல் அவர் செய்த ஒரு படைப்பில், மனித முடியால் திரித்த ஏறத்தாழ 4,000 மீட்டர் கயிறு, கார்களின் எஃகு முன்தாங்கிகளை (பம்பர்) தூக்கிப் பிடித்திருக்கிறது. ஓட்டுநர்கள் காப்புக்காக வண்டியில் கட்டும் கயிற்றிலிருந்து பிறந்த எண்ணம் அது. கையளவு கயிறு வண்டியைக் காக்கும் என்ற நம்பிக்கையை நாலு கிலோமீட்டருக்கு நீட்டிப் பார்த்திருக்கிறார்.

'சணல்' என்று தேடியபோது மிருணாளினி முகர்ஜி கிடைத்தார். தறியே இல்லாமல், சாயமேற்றிய நாரைக் கையால் முடிச்சிட்டு, ஆளுயரத்தையும் தாண்டிய உருவங்களை எழுப்பியவர். 2015இல் காலமானார், நியூயார்க்கில் அவருடைய வாழ்நாள் பணியைத் திரட்டிக் காட்டிய பெரிய கண்காட்சி 2019இல்தான் நடந்தது. அவரைப் பற்றிய கட்டுரைகளைப் படிக்கும்போது போலந்தின் மக்தலேனா அபகனோவிச்சின் பெயர் எதிர்ப்பட்டது. 1960களில் கற்றாழை நாரால் அவர் நெய்தவை சுவரை விட்டு விலகி, கூடத்தின் நடுவே அந்தரத்தில் தொங்கின. எந்த வகையில் அடக்குவது என்று தெரியாமல் அவருடைய பெயரையே அவற்றுக்கு வைத்து 'அபகன்' என்று அழைத்தார்கள்.

வெற்றுச்சுவர்

நூலிழை சொல்லும் வழியில் ஒரு குழி இருக்கிறது, எச்சரித்துவிடுகிறேன். பொருளின் புதுமை வெகு விரைவில் தீர்ந்துபோகும் சரக்கு. ஆயிரக்கணக்கான பொத்தான்களால் ஒரு முகம், திருகாணிகளால் ஒரு குதிரை என்பவையெல்லாம் அந்தத் தேடலில்தான் முதலில் வந்து நிற்கும். கரித்துண்டு எதை விட்டு ஓடி வந்தாரோ அதனிடமே திரும்பவும் கொண்டுபோய்விடும்.

நான் வைத்திருக்கும் சோதனை எளிமையானது. அந்தப் பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் படைப்பு நிற்குமா? பொத்தான் முகத்தைக் கூழாங்கற்களாலும் செய்யலாம், எதுவும் குறையாது. சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010இல் லண்டனின் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தில் பரப்பிய சூரியகாந்தி விதைகளைப் பாருங்கள். ஏறத்தாழ 10 கோடி. அத்தனையும் பீங்கான், அத்தனையும் கையால் தீட்டியவை, பல நூற்றாண்டுகளாகப் பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஜிங்தேஜென் நகரத்தில் செய்தவை. உண்மையான விதைகளைக் கொட்டியிருந்தால் அது வெறும் குவியல். பீங்கானாக இருப்பதால்தான் எத்தனை பேருடைய கைகள் அதில் உழைத்திருக்கும் என்று மலைக்கிறோம். பார்வையாளர்கள் அதன்மேல் நடக்கலாம் என்றுதான் தொடங்கினார்கள்; பீங்கான் தூசி மூச்சுக்குக் கேடு என்று சில நாள்களிலேயே தடுத்துவிட்டார்கள். பொருள் தன் குணத்தைக் காட்டிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

கார்னிலியா பார்க்கரும் இந்தச் சோதனையில் தேறுவார். 1991இல் ஒரு தோட்டக் கொட்டகையைப் பிரிட்டிஷ் ராணுவத்தைக் கொண்டு வெடிக்கச் செய்து, சிதறிய துண்டுகளை ஒரே ஒரு மின்விளக்கைச் சுற்றிக் கம்பிகளில் தொங்கவிட்டார். வெடிப்பு நடுவானில் உறைந்து நிற்கிறது. துண்டுகளின் நிழல்கள் சுவர்களில் பரவி அதை இன்னும் பெரிதாக்குகின்றன.

கரித்துண்டு

சோதனை பயனுள்ளது. ஆனால் நான் பெரும்பாலும் புகைப்படத்தைத்தானே பார்க்கிறேன்? பீங்கானும் விதையும் புகைப்படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். நேரில் போய்ப் பார்க்க முடியாதவர்கள் இதை எப்படிப் பிரித்தறிவது?

ஒலிப்பேழை

அந்தக் கேள்விக்குள் நான் நுழையலாமா? புகைப்படம் ஒரு வடிகட்டி என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நிறமும் எண்ணிக்கையும் சமச்சீரும் அதில் தங்கிவிடும். நேரமும் ஒலியும் எடையும் மணமும் வழிந்தோடிவிடும். ஆகவே திரையில் மட்டும் தேடுகிறவருக்கு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கலைஞர்களே திரும்பத் திரும்பக் கிடைப்பார்கள்.

ஜேனட் கார்டிஃப் 2001இல் செய்த படைப்பின் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். வெறுமையான ஒரு கூடம், தாங்கிகளின்மேல் 40 கறுப்பு ஒலிபெருக்கிகள், அவ்வளவுதான். விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள். அதில் நடப்பது இது: 16ஆம் நூற்றாண்டில் தாமஸ் டாலிஸ் 40 குரல்களுக்கென்று இயற்றிய வழிபாட்டு இசையை, ஒவ்வொரு பாடகரையும் தனித்தனி ஒலிவாங்கியில் பதிவு செய்து, ஒரு குரலுக்கு ஓர் ஒலிபெருக்கி என்று நீள்வட்டமாக நிறுத்தியிருக்கிறார். நடுவில் நின்றால் முழு இசையும் உங்கள்மேல் கவிகிறது. ஓர் ஒலிபெருக்கிக்கு அருகில் காதைக் கொண்டுபோனால் ஒரே ஒரு மனிதர் மூச்சிழுத்துப் பாடுவது கேட்கிறது. பாடல் தொடங்குவதற்கு முன்னால் அவர்கள் இருமுவதும் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் கூடக் கேட்கும். இசையை நடந்து சுற்றிப் பார்க்கும் சிற்பமாக மாற்றிவிட்டார். பதிவு செய்கிறவர்கள் வெட்டியெறியும் இருமலை அவர் வைத்துக்கொண்டார் என்பதைக் கரித்துண்டு கவனிக்க வேண்டும்.

ஐஸ்லாந்தின் ராக்னர் க்யார்டன்சன் 2012இல் செய்தது 9 திரைகளில் 64 நிமிடம் ஓடுகிறது. ஒரு பழைய மாளிகையின் வெவ்வேறு அறைகளில் இசைக்கலைஞர்கள் தனித்தனியாக அமர்ந்து, காதில் மாட்டிய ஒலிக்கருவியில் மற்றவர்களைக் கேட்டபடி, ஒரே பாடலை ஒரே மூச்சில் வாசிக்கிறார்கள்.

டெஹ்சிங் ஷியே இன்னும் கடினமானவர். 1980 ஏப்ரல் முதல் ஓராண்டு, மணிக்கு ஒரு முறை, இரவும் பகலும், தொழிற்சாலையில் வருகை பதியும் கடிகாரத்தில் அட்டையைச் செருகினார். ஒவ்வொரு முறையும் ஒரு சட்டகம் படம். தொடக்கத்தில் தலையை மழித்திருந்தார். அந்தச் சட்டகங்களைத் தொகுத்த ஆறு நிமிடப் படத்தில் முடி வளர்ந்துகொண்டே போகிறது. 8,760 மணிகளில் 133ஐத் தவறவிட்டதாகவும் கணக்கு வைத்திருக்கிறார். தவறவிட்டவற்றின் கணக்கு இல்லாவிட்டால் நான் அந்தப் படைப்பை இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.

ஆகவே என் வழி: படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் விளக்கச் சீட்டைப் படியுங்கள். நிமிடக் கணக்கும் ஒலி பற்றிய குறிப்பும் இருந்தால் நின்று, காணொளிப் பதிவைத் தேடுங்கள். 'ஆர்ட்21' என்ற அமெரிக்க ஆவணத் தொடர் 2001 முதல் கலைஞர்களை அவர்களுடைய பணிக்கூடத்திலேயே சந்தித்துப் பதிவு செய்துவருகிறது. கையும் பொருளும் எப்படிப் பழகுகின்றன என்பதை அதில் பார்க்கலாம். பீங்கானா விதையா என்ற ஐயம் அப்போது எழாது.

அச்சுமை

எல்லாரும் அறை நிறையும் படைப்புகளையே சொல்கிறீர்கள். ஒரு சிறு தாளில் உலகத்தைக் கவிழ்க்கலாம் என்பதை யாராவது சொல்ல வேண்டாமா? அச்சுக்கலையை எப்போதும் கடைசி வரிசையில் உட்கார வைப்பதுதான் வழக்கம்.

ஸூ பிங் 1987இல் தொடங்கிச் சில ஆண்டுகள் தனியறையில் அமர்ந்து ஏறத்தாழ 4,000 அச்செழுத்துகளை மரத்தில் செதுக்கினார். பார்த்தால் சீன எழுத்துகள். ஆனால் ஒன்றுக்குக்கூடப் பொருள் கிடையாது. இருக்கும் எழுத்துகளின் உறுப்புகளைப் பிரித்து அவரே கட்டியவை. பழைய முறைப்படி அச்சிட்டு, கட்டி, நூல்களாகவும் கூரையிலிருந்து தொங்கும் நீண்ட சுருள்களாகவும் வைத்தார். சீனம் தெரியாத என்னைப் போன்றவர் அதை அழகான பக்கம் என்று கடந்துவிடுவார். சீனம் படித்தவர்தான் தவித்துப்போகிறார். ஏதோ ஓர் எழுத்தாவது தெரிந்ததாக இருக்கும் என்று வரிவரியாகத் தேடுகிறார். படித்தவரை எழுத்தறியாதவராக்கும் அச்சுநூலை அதற்கு முன் யார் செய்தார்கள்? மரக்கட்டையில் நாலு எழுத்தைத் திருப்பிச் செதுக்கவே எனக்கு ஒரு வாரம் பிடிக்கும், அதிலும் ஒன்று தலைகீழாகிவிடும் என்பதால் அந்த 4,000 என்ற எண்ணை நான் விரலால் உணர்கிறேன்.

இன்னொருவர் ஸரீனா. 1937இல் பிறந்து 2020இல் மறைந்தவர். பல நாடுகளில் மாறி மாறி வாழ்ந்த அவர், 1999இல் வீடு என்பதை 36 மரச்செதுக்கு அச்சுகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல், சில கோடுகள். பத்து நிமிடம் பார்த்தால் போதாத தாள்கள் அவை. கூடம் முழுவதையும் படைப்பாக்கும் நிறுவல் கலையில் நான் காணும் இரைச்சல் எதுவும் அவற்றில் இல்லை. இது என் ஒருதலையான தீர்ப்பு என்று தெரிந்தே சொல்கிறேன்.

இவர்கள் இருவரிடமும் நான் போய்ச் சேர்ந்த வழி சாதாரணமானது: அச்சுக் கூடங்கள். கலைஞர்களை அழைத்து, கைதேர்ந்த அச்சாளர்களோடு சேர்ந்து வேலை செய்ய விடும் கூடங்கள் பல நாடுகளில் உண்டு. ஒரு கூடத்தில் அச்சிட்டவர்களின் பெயர்வரிசையைத் தொடர்ந்து போனால் ஓவியரும் சிற்பியும் காணொளிக் கலைஞரும் கலந்தே கிடைப்பார்கள். தமக்குப் பழகாத ஊடகத்தில் தடுமாறி எதையோ கண்டுபிடித்திருப்பார்கள்.

வெற்றுச்சுவர்

ஓர் இடைக்குறிப்பு. 'புதியவர்' என்று தேடும்போது இளைஞர்களை மட்டும் எண்ண வேண்டாம். ஹவானாவில் 1915இல் பிறந்த கார்மென் ஹெரேரா தம் ஓவியம் ஒன்றை முதன்முதலாக விற்றபோது அவருக்கு வயது 89. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 2016இல் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியபோது நூறைக் கடந்திருந்தார். நமக்கு இன்று தெரியவருகிறவர் நமக்குப் புதியவர், அவ்வளவுதான்.

மின்திரை

இதுவரை கணினியை யாருமே தொடவில்லை என்பது வியப்பாக இருக்கிறது. கரித்துண்டின் அளவுகோலை, அதாவது குறையிலிருந்து கலை என்பதை, மிகக் கச்சிதமாக நிறைவு செய்தவர்கள் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள்.

ஓலியா லியாலினா 1996இல் உலாவியையே ஊடகமாக எடுத்துக்கொண்டு, போரிலிருந்து திரும்பிய காதலனைப் பற்றி ஒரு கதை சொன்னார். ஒவ்வொரு முறை சொடுக்கும்போதும் பக்கம் சிறு சட்டங்களாகப் பிரிந்துகொண்டே போகும். இருவரும் பேசப் பேச விலகிப் போவதைப் பக்கத்தின் பிளவே காட்டிவிடும். அன்றைய இணைய வேகத்தில் படங்கள் மெதுவாகத் திறந்ததும் அந்த உரையாடலின் தயக்கத்தோடு சேர்ந்துகொண்டது. கோரி ஆர்க்கேஞ்சல் 2002இல் ஒரு பழைய நிண்டெண்டோ விளையாட்டுப் பேழையின் சில்லை மாற்றி, மாரியோ, எதிரிகள், தரை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, நீல வானத்தையும் நகரும் மேகங்களையும் மட்டும் விட்டுவைத்தார். விளையாட யாருமில்லாத விளையாட்டு. கழித்தல் மட்டுமே அவருடைய கருவி.

இவற்றைத் தேடுவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நேற்றைய மென்பொருள் இன்று இயங்காது. இணையத்தில் அசைபடங்களை ஓடவைத்த ஃபிளாஷ் என்ற மென்பொருள் 2020 இறுதியில் நிறுத்தப்பட்டபோது எண்ணற்ற படைப்புகள் ஒரே நாளில் திறக்க முடியாதவையாயின. 1996இல் தொடங்கிய 'ரைசோம்' என்ற அமைப்பு இவற்றைச் சேகரித்து, பழைய உலாவிகளைப் போலிசெய்து மீண்டும் ஓடவைக்கிறது. அதன் காப்பகத்தில் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவது, தொடுதிரையில் ஓராண்டு உருட்டுவதைவிட மேல்.

இன்றைய செயற்கை நுண்ணறிவுப் படைப்புகளையும் ஒதுக்க வேண்டியதில்லை. ரெஃபிக் அனடோல் 2022இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைத்தது, அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்புத் தரவிலேயே பயிற்றுவித்த இயந்திரம் ஓயாமல் மாறும் உருவங்களைப் பெருந்திரையில் ஓடவிடுவது. அந்தக் கூடத்தின் அசைவும் ஒளியும் வெளியிலுள்ள வானிலையும்கூட அதன் ஓட்டத்தை மாற்றும்.

நூலிழை

லியாலினாவும் ஆர்க்கேஞ்சலும் சரி, தலைவணங்குகிறேன். கடைசியாகச் சொன்னதில் உடன்பாடில்லை. வெற்றுச்சுவரின் சோதனையை அங்கே வைத்துப் பாருங்கள். அந்தச் சேகரிப்புக்குப் பதிலாக வேறொன்றைப் பயிற்றுவித்திருந்தால் திரையில் தெரியும் அலைகள் எவ்வளவு மாறியிருக்கும்? என் கண்ணுக்கு அதிகம் மாறியிருக்காது.

மின்திரை

அது நியாயமான கேள்விதான். ஆனால் அனாட்சுயியின் விரிப்பையும் வெறும் மினுக்கம் என்று முதலில் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். இந்த ஊடகத்தின் குறை எதுவென்றே இன்னும் நமக்குச் சரியாகத் தெரியாது; அது தெரிந்த பிறகுதான் அதற்கொரு கென்ட்ரிட்ஜ் வருவார். அதுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

சுருக்கெழுத்து

நீண்ட நாள்களாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வழி பற்றிய பேச்சு என்பதால் எழுதுகிறேன். நான் பொருளையும் பின்தொடர்வதில்லை, ஊடகத்தையும் பின்தொடர்வதில்லை. தேர்ந்தெடுக்கிறவர்களையும் கற்பித்த இடங்களையும் பின்தொடர்கிறேன்.

1895இல் தொடங்கிய வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவும், 1955இல் தொடங்கி இப்போது ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை ஜெர்மனியின் காஸல் நகரில் 100 நாள் நடக்கும் டாகுமென்டாவும் தம் பங்கேற்பாளர் பட்டியலை வெளியிடுகின்றன. பட்டியலைத் தலைமுதல் அடிவரை படிப்பதில் பயனில்லை. அதைத் தொகுத்தவர் யார் என்று பாருங்கள். நைஜீரியாவில் பிறந்த ஓக்வி என்வேசர் 2002இல் டாகுமென்டாவையும் 2015இல் வெனிஸையும் தொகுத்தார். இரண்டிலும் வரும் பெயர்களை அருகருகே வைத்தால் அவர் என்ன கேள்வியைத் துரத்தினார் என்பது புலப்படும். அந்த 2015ஆம் ஆண்டில் மட்டும் கிடைப்பவற்றைப் பாருங்கள். அனாட்சுயிக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது. ஜப்பான் அரங்கில் சிஹாரு ஷியோட்டா, 50,000க்கும் மேற்பட்ட பழைய சாவிகளைச் சிவப்பு நூலில் கோத்துப் படகுகளின்மேல் மழைபோல இறக்கியிருந்தார். விழா நடக்கும் பழைய கப்பல் கட்டும் தளமான அர்செனாலின் வெளிச்சுவர்களை நெடுக மூடியிருந்தன இப்ராஹிம் மஹாமாவின் சாக்குகள்.

மஹாமா 1987இல் பிறந்தவர். கோகோ ஏற்றுமதிக்காக வந்த சணல் சாக்குகள் பிறகு கானாவின் சந்தைகளில் கரி மூட்டைகளாகின்றன. புதுச் சாக்கைக் கொடுத்துப் பழையதை வாங்கி, கூட்டாகத் தைத்து, கட்டடங்களை முழுமையாகப் போர்த்துகிறார். கிழிசலும் உரிமையாளர் முத்திரையும் கரிக்கறையும் அப்படியே இருக்கும். இந்த இழையைத் தொடங்கியவரின் பெயருக்குப் பொருத்தமானவர் என்றுதான் எடுத்துச் சொல்கிறேன். இவரும் அனாட்சுயியும் ஒரு தலைமுறைக்கும் மேலான இடைவெளியில் கானாவின் குமாசியில் கலை பயின்றவர்கள். ஒரே கல்லூரியிலிருந்து இப்படி இருவர் வந்தால், அங்கே இன்று யார் கற்பிக்கிறார்கள், யார் படித்து முடித்தார்கள் என்று தேடுவது வீண்போகாது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அகாடமி போன்ற உறைவிடப் பயிற்சியகங்கள் ஆண்டுதோறும் பணிக்கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டும்போது வெளியிடும் பெயர்வரிசையும் அதே வகையில் பயன்படும். முடிக்காத வேலைகளை அங்கே பார்க்கலாம் என்பது கூடுதல் ஆதாயம்.

கரித்துண்டு

சில வாரங்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லாருடைய வழியையும் முயன்று பார்த்தேன்.

நூலிழை சொன்னபடி பொருளால் தேடினேன். 'கரி' என்று போட்டால் ஆயிரக்கணக்கான வரைபடங்கள் வந்தன, மலைத்துப்போய் மூடிவிட்டேன். 'புகைக்கரி' என்று மாற்றிப் போட்டதும் இத்தாலியின் கிளாடியோ பார்மிஜ்யானி வந்தார். 1970 முதல் அவர் செய்துவருவது இது: அறையில் பொருள்களை வைத்துத் தீமூட்டிப் புகையை நிறைக்கிறார். புகைக்கரி சுவரெல்லாம் படிந்த பிறகு பொருள்களை அகற்றிவிடுகிறார். நூலடுக்கின் முதுகுகள் இருந்த இடம் மட்டும் வெளிறிய நிழலாகச் சுவரில் நிற்கிறது. வரைவதற்குக் கை தேவையில்லை, இல்லாமற்போனதே தன்னை வரைந்துகொள்கிறது என்று எனக்குப் பட்டது. அன்றிரவு வேறு எதையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பொருளைவிட்டு அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்: எடுத்த பிறகு என்ன எஞ்சுகிறது? ரேச்சல் ஒயிட்ரெட் 1993இல் லண்டனில் இடிக்கப்படவிருந்த ஒரு வீட்டின் உள்வெளியைக் கான்கிரீட்டில் வார்த்து, சுவர்களை நீக்கிவிட்டார். அறைகளின் காற்று கெட்டியாகித் தெருவில் நின்றது. 1994 ஜனவரியில் அதையும் இடித்துவிட்டார்கள். கொலம்பியாவின் டோரிஸ் சல்செடோ 2007இல் டேட் மாடர்னின் தரையில் 167 மீட்டர் நீளத்துக்குப் பிளவொன்றை உண்டாக்கினார். காட்சி முடிந்ததும் நிரப்பினார்கள், தழும்பு இன்றும் தரையில் தெரிகிறது. கான்கிரீட், தரை, புகை என்று மூவருக்கும் ஊடகம் வேறு. ஆனால் கென்ட்ரிட்ஜின் தாளிலிருந்து மூவரிடமும் நடந்தே போய்விடலாம். பெயர்கள் மறக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெற்றுச்சுவர்

அந்த வரிசையின் பாட்டனாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1953இல் இளைஞரான ராபர்ட் ரோஷன்பெர்க், புகழின் உச்சியில் இருந்த ஓவியர் வில்லெம் டி கூனிங்கிடம் போய், அழிப்பதற்கென்று ஒரு வரைபடம் கேட்டார். அவரும் எளிதில் அழிக்க முடியாத ஒன்றாகப் பார்த்துத் தேர்ந்து கொடுத்தார். வாரக்கணக்கில் அழித்தும் சுவடுகள் போகவில்லை. சமகாலம் இல்லைதான், ஆனால் சமகாலத்தவர் பலருக்கும் வழி அங்கிருந்துதான் பிரிகிறது.

அச்சுமை

கரித்துண்டு அவர்களே, உங்களுக்கென்று ஒருவரை வைத்திருந்தேன். சொல்லும் நேரம் இப்போதுதான் வந்தது. கொலம்பியாவின் ஆஸ்கார் முனியோஸ், 1951இல் பிறந்தவர். பட்டுத்திரை அச்சில் (சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி வழியாக மையைத் தள்ளி அச்சிடும் முறை) மைக்குப் பதிலாகக் கரித்தூளை எடுத்துக்கொண்டு, தாளுக்குப் பதிலாகத் தண்ணீரின் மேற்பரப்பில் தம் முகத்தை அச்சிட்டார். தட்டில் நீர் ஆவியாக ஆக, மிதக்கும் முகம் கலைந்து, சுருங்கி, இறுதியில் அடியில் இருக்கும் தாளில் படிந்துவிடுகிறது. அந்தப் படிவே அச்சு. என்ன வரும் என்று அவருக்கே தெரியாது. 1990களில் அவர் செய்த உலோகத் தட்டுகளும் உண்டு: பார்த்தால் வெறும் கண்ணாடி, உங்கள் முகம்தான் தெரியும், நெருங்கி மூச்சுவிட்டால் அந்த ஈரத்தில் இறந்துபோன ஒருவரின் முகம் எழுந்து, ஈரம் உலர்ந்ததும் மறையும்.

கரித்துண்டு

படித்த கையோடு ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, கரித்தூளைத் தட்டிப் பார்த்தேன். பாதி உடனே மூழ்கிவிட்டது. மீதி ஓரத்துக்கு ஒதுங்கிக் கறுப்பு வளையமாக நிற்கிறது. முகம் எங்கே என்று கேட்காதீர்கள்.

அச்சுமை

கேட்கவில்லை. தூளை இன்னும் நன்றாக அரைத்து மெல்லிய துணியில் சலியுங்கள். பருமனான துகள்தான் முதலில் மூழ்கும். திரையைத் தண்ணீருக்கு மிக அருகில் பிடித்து, தட்டாமல் மென்தூரிகையால் தள்ளுங்கள். அந்த வளையத்தைக் கொட்டிவிட வேண்டாம், உலரட்டும். தாளில் என்ன தங்கியது என்று படம் எடுத்து இங்கே போடுங்கள்.